பக்கத்தைப் பார்க்கச் சொன்னால் புத்தகம் தெரிகிறது

கெடிலக்கரை | கடலூர்

இரண்டு வருடமாக இந்த மன்றத்தில் எல்லோரும் எழுதுவதைப் படித்துவருகிறேன். நான் எழுதுவது இதுதான் முதல் முறை. யாரிடமாவது சொல்லாவிட்டால் தாங்காது என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

மருந்து செய்யும் ஒரு தொழிற்சாலையில், தர உறுதிப் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வருவது பேட்ச் ரெக்கார்டு. மூலப்பொருளை எடை போட்டதிலிருந்து மாத்திரையை அட்டையில் அடைத்துப் பெட்டியில் வைத்தது வரை, யார் எத்தனை மணிக்கு என்ன செய்தார், எவ்வளவு சூடு, எவ்வளவு எடை, யார் கூட நின்று சரிபார்த்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு தொகுதிக்கு, அதாவது ஒரே தடவையில் செய்து முடிக்கும் மருந்துக்கு, நூறு பக்கத்துக்குக் குறையாது. விடுபட்ட கையெழுத்து, தவறான தேதி, அடித்து எழுதிய எண் எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் அதன் மேலேயே எழுதக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். எழுதப்படாத வேலை நடக்காத வேலை என்பது எங்கள் துறையில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம்.

சென்ற மாதம் ஒரே மருந்தின் மூன்று தொகுதிகளை அடுத்தடுத்துப் பார்த்தேன். உலர்த்தும்போது அரை மணிக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். பகல் ஷிப்டில் 10.02, 10.31, 11.04 என்று இருந்தது. இரவு ஷிப்டில் 1.00, 1.30, 2.00, 2.30. மூன்று தொகுதியிலும் இரவு மட்டும் அப்படியே இருந்தது. ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. வேலை முடிந்த பிறகு மொத்தமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஏன் என்று போய்ப் பார்த்தேன். இரவில் ஒரே ஆள் இரண்டு உலர்த்தும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். பதிவேடு இருப்பதோ அடுத்த அறையில். இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி மேலாளரிடம் கொடுத்தேன்.

அவர் குறிப்பைப் படித்தார். பிறகு, நான் பார்த்து முடித்துக் கையெழுத்திட்ட அதே கோப்பை எடுத்துப் புரட்டினார். 47ஆம் பக்கத்தில் சரிபார்த்தவர் கையெழுத்து இல்லை. 61ஆம் பக்கத்தில் வருடம் தவறு. இரண்டுக்கும் கீழே ‘பார்த்தேன்’ என்று என் கையெழுத்து. “முதலில் உன் பக்கத்தைப் பார், அப்புறம் தொழிற்சாலையைப் பார்க்கலாம்” என்றார். இந்த வருடத்தில் இது எனக்கு மூன்றாவது எச்சரிக்கை.

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் உறுத்துகிறது. ஒரு கோப்பைத் திறந்தால் அந்த வேலை நடந்த விதம் முழுவதும் எனக்குக் கண்முன் ஓடுகிறது, எங்கே இடிக்கிறது என்பதும் தெரிகிறது. ஆனால் கையெழுத்து இல்லாத வெற்றிடம் தெரிவதில்லை. இப்படிப்பட்டவள் இந்த வேலையில் இருக்கலாமா?

பண்ருட்டிக்காரன் | பண்ருட்டி

வேலையை மாற்றுங்கள். முந்திரி வியாபாரத்தில் இருபது வருடம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவன் சொல்கிறேன். பருப்பைத் தரம் பிரிக்கிற கை வேறு, எந்த ஊரில் எப்போது கொட்டை வாங்க வேண்டும் என்று சொல்கிற புத்தி வேறு. ஒருவரை மற்றவர் இடத்தில் உட்காரவைத்தால் இரண்டும் கெடும். உங்களுக்குத் திட்டமிடும் பிரிவுதான் சரி.

லாசுப்பேட்டை | புதுச்சேரி

கொஞ்சம் கடுமையாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். ‘நான் மொத்தத்தையும் பார்க்கிறவன், நுணுக்கம் எனக்கு வராது’ என்று மாணவர்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. 1977இல் டேவிட் நவோன் என்பவர் ஒரு சோதனை செய்தார். சின்னச் சின்ன எஸ் எழுத்துகளை அடுக்கி ஒரு பெரிய எச் எழுத்தை வரைந்து காட்டினார். பெரிய எழுத்தைச் சொல்லச் சொன்னபோது சிறிய எழுத்துகள் யாருக்கும் தடையாக இல்லை. சிறிய எழுத்தைச் சொல்லச் சொன்னபோதோ பெரிய எழுத்து குறுக்கே வந்தது, தாமதமானது. முழுமை முந்திக்கொண்டு கண்ணில் படுவது மனிதக் கண்ணின் பொது இயல்பு. அதைத் தனித் திறமை என்று வைத்துக்கொண்டால், பக்கம் பார்க்கும் வேலை தானாகவே நமக்குக் கீழான வேலையாகிவிடும். அங்கேதான் கவனம் நழுவுகிறது.

கெடிலக்கரை | கடலூர்

படித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. அந்த வேலையைக் கீழாக நான் நினைத்ததில்லை என்று எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. 47ஆம் பக்கத்தைப் பார்த்த அந்த நேரத்தில் என் மனம் முழுவதும் இரவு ஷிப்டில்தான் இருந்தது. மீதிப் பக்கங்களை முடித்துவிட்டு எப்போது குறிப்பு எழுதலாம் என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சக்குப்பத்தார் | கடலூர்

அம்மா, நான் நில அளவையில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். புல வரைபடத்தைக் கையில் எடுத்தால் வாய்க்கால் எங்கே பிறந்து எங்கே போகிறது என்பதுதான் எனக்கு முதலில் தெரியும். அளவுக் குறிப்பு அப்புறம்தான். அதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

ஒரு நாள் ஒரு பெரியவர் வந்தார். அவருக்கு ஒரு ஏக்கர் நிலம். ஏக்கர் என்றால் 40.5 ஏர், பதிவேட்டில் ஹெக்டேர், ஏர் என்ற வரிசையில் 0.40.5 என்று இருக்க வேண்டும். பெயர்த்தெழுதிய யாரோ ஒருவர் 0.04.5 என்று எழுதிவிட்டார். 4.5 ஏர் என்பது 11 சென்ட். ஒரு பூஜ்ஜியம் இடம் மாறியதில் 89 சென்ட் காகிதத்தில் இல்லாமல் போய்விட்டது. மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போன அன்றுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. துண்டில் முடிந்துவைத்திருந்த பத்திரத்தை என் மேசையில் பிரித்துவைத்தார். அந்தக் காகிதம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, எண்ணெய்க் கறையோடு இருந்தது. “நிலம் அங்கேயேதான் இருக்கிறது ஐயா, நான் தினமும் பார்க்கிறேன்” என்றார். அதன் பிறகு எந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்தாலும் எனக்கு அந்தத் துண்டு கண்ணில் வரும்.

எங்கள் துறையில் எல்லோரும் அறிந்த ஒரு கதை உண்டு. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு, அதாவது மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையாகும் நேர்கோடு, அளந்தார். 100 அடிச் சங்கிலியைத் திரும்பத் திரும்பப் போட்டு, 57 நாள். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பமானியை வைத்து அதையும் கணக்கில் சேர்த்தார். பின்னாளில் இமயமலை வரை போன முக்கோண அளவைக்கு அங்கேதான் தொடக்கம். அவ்வளவு பெரிதாக நினைத்த மனிதர்தான் சங்கிலி மயிரளவு நீளுவதற்கு அத்தனை கவலைப்பட்டார். பண்ருட்டிக்காரர் சொல்வதுபோல இரண்டும் வேறு வேறு ஆள் என்று நான் நம்பவில்லை.

உப்பளம் | புதுச்சேரி

செவிலியராக இருக்கிறேன். தங்கை, உங்கள் தாளின் மறுமுனையில் நிற்பவள் நான். நீங்கள் பார்த்து அனுப்பும் மாத்திரையைப் பிரித்து நோயாளியின் கையில் கொடுப்பவள்.

கவனத்தை மட்டும் நம்பினால் நடக்காது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற பிறகு யாருடைய கவனமும் கவனம் அல்ல. அதனால்தான் சரியான ஆளா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என்று ஐந்தையும் வாயால் சொல்லிப் பார்க்கிறோம். இன்சுலின் அளவு எழுதும்போது ‘யூனிட்’ என்று முழுச் சொல்லாக எழுத வேண்டும் என்பது விதி. ஆங்கிலத்தில் முதல் எழுத்தை மட்டும் போட்டால் அவசரக் கையெழுத்தில் அது பூஜ்ஜியம்போல் தெரியும், 4 என்பது 40 ஆகிவிடும். இந்த விதியை உருவாக்கியவர்கள் ஒரு செவிலியரைத் திட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. தவறு திரும்பத் திரும்ப எங்கே நடக்கிறது என்று பார்த்து எழுத்தையே மாற்றினார்கள். இரவு ஷிப்டில் நீங்கள் கண்டதும் இந்த வகைதான்.

அறுவைக் கூடத்துக்கு உலக சுகாதார அமைப்பு 2008இல் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்த முடிவுகள் 2009இல் வெளியாயின. இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. பெயர் கேட்பது, பஞ்சு எண்ணுவது, எந்தப் பக்கம் அறுவை என்று சொல்வது எல்லாம் அதில் உண்டு. பெரிய மருத்துவர்களும் பட்டியலைச் சத்தமாகப் படிக்கத்தான் வேண்டும். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

பண்ருட்டிக்காரன் | பண்ருட்டி

மஞ்சக்குப்பத்து ஐயாவுக்கு: லாம்டன் போல ஆயிரத்தில் ஒருவர் இருக்கலாம். மூன்று எச்சரிக்கை வாங்கி, தூக்கம் கெட்டு நிற்கிற பெண்ணுக்கு அந்தக் கதை சோறு போடாது. நான் சொன்னது அவருடைய நிம்மதிக்காக.

சேத்தியாத்தோப்பு | கடலூர் மாவட்டம்

நிம்மதி என்றதும் என் அப்பாவைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. கொஞ்சம் நீளமாகப் போகும்.

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர். வீராணம் ஏரிக்கரையில் வேலை. லஸ்கர் என்றால் மதகு திறப்பது, மூடுவது, கரையைச் சுற்றிப் பார்ப்பது, அளவுகோலில் நீர்மட்டம் பார்த்துச் சொல்வது. ஏரியின் முழுக் கொள்ளளவு 1465 மில்லியன் கன அடி, முழு மட்டம் 47.50 அடி. கடலூர் மாவட்டத்தில் வீராணத்துப் பாசனத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த 47.50 மனப்பாடம். சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்துதான் போகிறது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அப்பா வீட்டில் தூங்கி நான் பார்த்ததில்லை. பத்து வயதில் ஒரு முறை அவரோடு போயிருக்கிறேன். நல்ல மழை. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் டார்ச்சு, ஒரு கையில் என்னைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார். அளவுகோல் பலகையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு. அலை வந்து வந்து மோதிக்கொண்டிருந்தது. மேலே ஏறும்போது ஓர் எண், இறங்கும்போது ஓர் எண். அப்பா உடனே எழுதவில்லை. அலையின் மேட்டையும் பள்ளத்தையும் பல தடவை பார்த்தார், மனதுக்குள் எண்ணினார், நடுவில் ஒன்றைப் பிடித்தார். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த நோட்டை எடுத்து எழுதினார். பிறகு மறுபடி டார்ச்சு அடித்துப் பார்த்தார்.

“ஒரு கோடு கூடக் குறைய இருந்தால் என்ன அப்பா?” என்று கேட்டேன். எனக்குக் குளிர்.

அவர் கரையிலிருந்து இருட்டைக் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை, எங்கோ ஒரு விளக்கு. “இந்த ஒரு கோடு ஏரி முழுவதும் ஒரு கோடு. அவ்வளவு தண்ணீரையும் வெள்ளியங்கால் ஓடையில் விட்டால் யார் யார் வீட்டு வாசலுக்குப் போகும் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு ஊர்களின் பெயரை வரிசையாகச் சொன்னார். அத்தை வீடு இருந்த ஊரும் அதில் ஒன்று. அதன் பிறகு நான் குளிர் என்று சொல்லவில்லை.

பத்தில் ஒரு பங்கு அடி என்றாலும் ஏரிப் பரப்புக்குக் கணக்கிட்டால் கோடிக்கணக்கான கன அடி வரும் என்பதைக் கல்லூரியில் படித்தபோது நானே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது, எட்டாவது வரை படித்தவர். ஆனால் கீழணையிலிருந்து வடவாற்றில் ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது, எந்த ஊரில் நடவு முடிந்தது, எந்த ஊரில் கதிர் பிடித்திருக்கிறது என்பது எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அதனால்தான் அந்தக் கோட்டை அவரால் அலட்சியமாகப் பார்க்க முடியவில்லை. கெடிலக்கரை அக்கா, முழுவதும் உங்களுக்குத் தெரிவது கேடு என்று நினைக்காதீர்கள். 47ஆம் பக்கத்துக் கையெழுத்து எதைக் காக்கிறது என்று மட்டும் அந்தப் பக்கத்தில் நிற்கும்போது உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு வேறு எங்கேயோ பார்க்கிறீர்கள்.

கெடிலக்கரை | கடலூர்

தம்பி, இதை இன்று மூன்று முறை படித்துவிட்டேன். 47ஆம் பக்கம் எடை போட்ட பக்கம். அந்தக் கையெழுத்துக்கு உரியவர், எடை போடும்போது கூட நின்று தராசைப் பார்த்திருக்க வேண்டியவர். கையெழுத்து இல்லையென்றால் கூட யாரும் நிற்கவில்லை என்று பொருள். தனி ஆளாக மருந்துச் சரக்கை எடை போட்டிருக்கிறார்கள். இது உலர்த்தும் அறையைவிடப் பெரிய விஷயம். அதை வெறும் காலி இடமாக எண்ணித் தாண்டிப் போயிருக்கிறேன்.

முத்தியால்பேட்டை | புதுச்சேரி

அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்த்து வருகிறேன், 28 வருடமாக. கேள்வி எனக்கு மிகவும் பழக்கமானது. பொருள் புரிந்து படித்தால் பிழை தெரியாது. மனம் இல்லாத எழுத்தைத் தானே போட்டு நிரப்பிக்கொண்டு ஓடிவிடும். கல்யாணப் பத்திரிகையில் மாமன் முறையாரின் பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கும், மேலே கொட்டை எழுத்தில் ‘திருமண அழைப்பிதழ்’ என்பதில் ஓர் எழுத்து விழுந்திருக்கும். தேதியும் கிழமையும் தனித்தனியே சரியாகத் தெரியும், சேர்த்துப் பார்த்தால் பொருந்தாது. இரண்டாலும் அடிபட்டிருக்கிறேன்.

நான் செய்வது இது. எதையும் இரண்டு முறை பார்ப்பேன், இரண்டுக்கும் நடுவில் எழுந்து தேநீர் குடித்துவிட்டு வருவேன். முதல் தடவை பேனாவைத் தொடுவதில்லை. மனம் போன போக்கில் படிப்பேன், தோன்றுவதைத் தனித் தாளில் கிறுக்கிவைத்துவிடுவேன். கிறுக்கிவைத்தால்தான் அது மண்டையை விட்டு இறங்கும். உங்கள் இரவு ஷிப்டு விவகாரம் அந்தத் தாளுக்குப் போயிருக்க வேண்டியது. இரண்டாவது தடவை கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு. ஓர் அட்டையை வரிக்குக் கீழே வைத்து நகர்த்துவேன். பின்னாலிருந்து வந்தால் கதை ஓடாது, எழுத்து எழுத்தாகத்தான் நிற்கும். எண்களை உதடு அசைத்துப் படிப்பேன்.

இன்னொன்று, எனக்கு மிக உதவியது. நான் எதை எதை விடுகிறேன் என்று ஒரு நோட்டுப் போட்டேன். ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது, எனக்கு விழுவது தலைப்பும் பக்க எண்ணும். மற்றவை பெரும்பாலும் விழுவதில்லை. ‘கவனம் போதாது’ என்று மொத்தமாகத் திட்டு வாங்கினால் என்ன செய்வது என்றே தெரியாது. ‘பக்க எண்ணை விடுகிறாய்’ என்று தெரிந்தால் அதை மட்டும் கடைசியில் ஒரு முறை பார்த்துவிடலாம்.

லாசுப்பேட்டையாருக்கு ஒரு வார்த்தை: 1.00, 1.30, 2.00 என்பதைப் பார்த்தது நுணுக்கம் இல்லையா? மூன்று கோப்புகளின் மணி நிமிடங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த கண் அது. கவனம் இல்லாதவருக்கு அது அகப்படாது.

லாசுப்பேட்டை | புதுச்சேரி

ஒப்புக்கொள்கிறேன். அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அவரிடம் கவனம் நிறைய இருக்கிறது, சுவாரசியம் தட்டும் இடத்துக்கு மட்டும் போகிறது. சுவாரசியம் இல்லாத இடத்துக்கும் கொண்டுபோக முத்தியால்பேட்டையார் சொன்ன அட்டையும் நோட்டும்தான் வழி. கெடிலக்கரை அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உப்பளம் | புதுச்சேரி

தங்கை, அந்தக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கம் எழுதாமல், மணி நிமிடங்களை மட்டும் அட்டவணையாகப் போட்டு, பக்க எண்ணோடு கொடுங்கள். அதே தாளில் 47ஆம் பக்கத்தை நீங்கள் விட்டதையும் எழுதுங்கள்.

கெடிலக்கரை | கடலூர்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோரும் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள்.

அக்கா சொன்னபடி ஒரே பக்கமாக எழுதிக் கொடுத்தேன். இடது பக்கம் பகல் நேரங்கள், வலது பக்கம் இரவு நேரங்கள், கீழே பக்க எண்கள். அதற்கும் கீழே, எடை போட்ட பக்கத்தில் நான் விட்ட கையெழுத்து. மேலாளர் இந்தத் தடவை கோப்பைப் புரட்டவில்லை. அட்டவணையை நெடுநேரம் பார்த்தார். எடை போடும் அறையில் அன்று இருந்தவர்களை அழைத்து விசாரித்தார். மறுவாரம் இரவு 1 மணிக்கு அவரே உலர்த்தும் அறைக்குப் போய் நின்றிருக்கிறார். இப்போது பதிவேடு இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சாய்வுப் பலகையில் இருக்கிறது, சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள். இன்னோர் ஆள் கேட்டிருந்தேன், அது கிடைக்கவில்லை. மறுபடி கேட்பேன்.

என் நோட்டில் இதுவரை 14 விடுதல்கள். பதினொன்று ஒரே வகை. எண் தவறாக இருந்தால் எனக்குப் படுகிறது, எதுவும் எழுதாமல் இருந்தால் படுவதில்லை. அதனால் கடைசியாக ஒரு முறை காலி இடங்களை மட்டும் தேடிப் புரட்டுகிறேன். அட்டை வைத்துப் பின்னாலிருந்து பார்ப்பது முதல் வாரம் மிகவும் கடினமாக இருந்தது, கழுத்து வலி. ஒரு கோப்புக்கு முன்பைவிட நாற்பது நிமிடம் கூடுதலாகிறது. அதையும் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். பண்ருட்டி அண்ணன் சொன்ன திட்டப் பிரிவில் ஓர் இடம் வருகிறதாம், விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நேற்று ஒரு புதிய தொகுதி வந்தது. இரவு ஷிப்டில் 1.04, 1.33, 2.01, 2.36. ஒரு நேரம் தப்பாக எழுதப்பட்டு, ஒற்றைக் கோடு போட்டுத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இருந்தன. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து, அட்டையை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் வைத்தேன்.